வீட்டை விற்க போட்டோ: எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

வீட்டை விற்பது அல்லது வாடகைக்கு விடுவது என்று முடிவானதும் நம்மவர்கள் செய்யும் செலவுகளைப் பாருங்கள். சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். ஒழுகும் குழாயை மாற்றுவார்கள். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசுவார்கள். எப்படிப் பார்த்தாலும் 50,000 ரூபாய் கரைந்துவிடும். அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு வீட்டுப் பையனிடமோ புரோக்கரிடமோ, ‘நாலு போட்டோ எடுத்து நெட்ல போட்டுடுப்பா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

விளைவை மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் இருட்டிப்போன ஹால், மூடி திறந்து கிடக்கும் கமோடு, கொடியில் காயும் துணி, செங்குத்தாகப் பிடித்து எடுத்ததால் பாதி மட்டும் தெரியும் சமையலறை. 75 லட்சம் ரூபாய் கேட்கும் வீட்டின் முகம் இது!

சரி, தொழில் தெரிந்தவரைக் கூப்பிடலாம் என்று விசாரித்தால் அடுத்த குழப்பம். ஒருவர் 1,500 என்கிறார். இன்னொருவர் 6,000 கேட்கிறார். மூன்றாமவர் ‘வீடியோ, ட்ரோன் எல்லாம் சேர்த்து 20,000 சார்’ என்கிறார். வேலை ஒன்றுதானே, ஏன் இத்தனை வித்தியாசம்? யார் ஏமாற்றுகிறார்கள்?

அநேகமாக யாருமே ஏமாற்றவில்லை. மூவரும் விற்பது வெவ்வேறு பொருள். அதில் உங்களுக்கு எது தேவை என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தானாகத் தெளிந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு வீட்டை ஒழுங்காகப் படம் எடுத்துத் தருவது தேர்ந்த கலைஞர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு. அந்த ஒரு நாள் கூலிதான் நியாயமான விலை. அதற்குக் கீழே போனால் வெட்டுப்படுவது அவருடைய லாபம் மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய நேரமும்தான்.

‘ஒரு மணி நேர வேலைக்கு அஞ்சாயிரமா?’

இந்தக் கேள்வியைக் கேட்காத வீட்டுக்காரர் குறைவு. போட்டோகிராபர் வருகிறார், ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கிறார், போய்விடுகிறார். நம் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். தெரியாததையும் சேர்த்துப் பார்ப்போம்.

சென்னையில் அம்பத்தூரிலிருந்து பள்ளிக்கரணைக்கு வந்து திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும். இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டைப் பொறுமையாக எடுக்க இரண்டு மணி நேரம். ட்ரைபாடை நிறுத்தி, கோணம் பார்த்து, நாற்காலியை நகர்த்தி, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று முதல் ஐந்து முறை எடுப்பார்கள். அறையும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஜன்னலுக்கு வெளியே உள்ள மரமும் தெரிய வேண்டும் என்றால் அந்தப் படங்களைப் பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சுவரும் கதவும் சாயாமல் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ட்யூப் லைட்டின் வெள்ளையும் பல்பின் மஞ்சளும் கலந்து சுவரின் நிறமே மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும். 20, 25 படங்களுக்கு இந்த வேலையே மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆக மொத்தம் ஏழு மணி நேரம். ஒரு நாள் போச்சு.

இனி சாமான்களுக்கு வருவோம். நல்ல கேமரா, அகலக் கோண லென்ஸ், ட்ரைபாடு, ஃப்ளாஷ், படங்களைத் திருத்தக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றால் மாதத்துக்கு 6,250 ரூபாய் தேய்மானம். பெட்ரோல், சாஃப்ட்வேர் சந்தா, உதவியாளுக்குக் கூலி எல்லாம் சேர்த்து மாதச் செலவு 20,000 என்று வைப்போம். மாதத்தில் 15 வீடுகள் கிடைத்து, வீட்டுக்கு 5,000 வாங்கினால் வரவு 75,000. செலவு போகக் கையில் நிற்பது 55,000. பத்து வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு, வேலை நிச்சயமில்லாத தொழிலில், இது கொள்ளை லாபம் இல்லை.

அதே ஆள் வீட்டுக்கு 2,000 வாங்கினால்? வரவு 30,000, செலவு 20,000, மிச்சம் 10,000. இதில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் அவர் என்ன செய்வார்? ஒரு நாளைக்கு மூன்று வீடு எடுப்பார். உங்கள் வீட்டில் அரை மணி நேரம்தான் இருப்பார். திரைச்சீலையை விலக்க மாட்டார், நாற்காலியை நகர்த்த மாட்டார், படங்களை ஒரே அமுக்கில் மொத்தமாக வெளுப்பாக்கி அனுப்பிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. நீங்கள் வாங்கியது அரை மணி நேரம். அரை மணி நேரத்துக்கு உள்ளதுதான் வரும்.

சில விளம்பரத் தளங்களும் முகவர் நிறுவனங்களும் கட்டணத் திட்டத்தோடு போட்டோவும் எடுத்துத் தருகின்றன. ‘இலவசம்’ என்று சொன்னாலும் அது திட்டத்தின் விலைக்குள் இருக்கத்தான் செய்யும். அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் வருபவர் எவ்வளவு நேரம் இருப்பார், எத்தனை படம் தருவார், அந்தப் படங்களை வேறு இடத்தில் நீங்கள் போடலாமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

எந்த வீட்டுக்கு எவ்வளவு?

கீழே உள்ளவை சென்னையை மனதில் வைத்து நான் நியாயம் என்று கருதும் தொகைகள். அரசு நிர்ணயித்த கட்டணம் எதுவும் இந்தத் தொழிலில் கிடையாது. கோவை, மதுரை, திருச்சியில் பயண நேரம் குறைவு என்பதால் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே முடிய வேண்டும்.

சின்ன வாடகை வீடு: மாத வாடகை 20,000 ரூபாய்க்குள் என்றால் போட்டோகிராபர் தேவையே இல்லை. செல்போன் போதும். எப்படி எடுப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

பெரிய வாடகை வீடு: வாடகை 40,000, 50,000 என்றால் கணக்கு மாறுகிறது. 45,000 ரூபாய் வாடகை வீடு ஒரு நாள் காலியாகக் கிடந்தால் 1,500 ரூபாய் நஷ்டம். 4,500 ரூபாய் போட்டோ செலவு மூன்று நாள் வாடகைக்குச் சமம். ஆள் மூன்று நாள் முன்னதாக வந்துவிட்டாலே கட்டுப்படியாகிவிடும். மேலும் ஒருமுறை எடுத்த படத்தை அடுத்த முறை வீடு காலியாகும்போதும் பயன்படுத்தலாம்.

விற்பனைக்கு உள்ள அடுக்குமாடி வீடு: இரண்டு அல்லது மூன்று படுக்கையறை என்றால் 4,000 முதல் 8,000 ரூபாய். 20 முதல் 25 படங்கள், திருத்தம் உட்பட. 60 படம் தருகிறேன் என்பவரிடம் அதிகம் கொடுக்காதீர்கள். ஒரே சுவரை ஆறு கோணத்தில் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

தனி வீடு, வில்லா: 8,000 முதல் 15,000. வெளிப்புறம், தோட்டம், மாடி என்று இடம் கூடுகிறது. வாசல் பார்த்த திசையைப் பொறுத்துக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என இரண்டு தடவை வர வேண்டியிருக்கும்.

கட்டுநர்களின் மாதிரி வீடு, கட்டடக் கலைஞர்களின் படைப்பு: இது வேறு உலகம். ஒரு படத்துக்கே ஒரு மணி நேரம் ஒளி அமைப்பார்கள். நாளொன்றுக்கு 25,000க்கு மேல் போவது சகஜம். உங்கள் 900 சதுர அடி ஃப்ளாட்டுக்கு இது தேவையில்லை.

காலி மனை: தயவுசெய்து போட்டோவுக்குச் செலவு செய்யாதீர்கள். மனை வாங்குபவர் கேட்பது பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம், சாலையின் அகலம். நாலு மூலையிலும் நின்று போனில் எடுத்த படமும், கூகுள் மேப்பில் சரியான புள்ளியும் போதும்.

இந்தத் தொகைகள் பெரிதா, சிறிதா? 75 லட்சம் ரூபாய் வீட்டுக்குப் புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றாலே 75,000. 75 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதாவது வாங்குபவருக்கு 6.75 லட்சம் ரூபாய் செலவு. இந்தப் பட்டியலில் 5,000 ரூபாய் என்பது வீட்டின் விலையில் 0.1 சதவீதம்கூட இல்லை. அதே சமயம், நல்ல போட்டோ போட்டால் வீடு கூடுதல் விலைக்குப் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். விலையைத் தீர்மானிப்பது இடம், தண்ணீர், பத்திரம், கட்டடத்தின் வயது. போட்டோவால் முடிவது ஒன்றுதான்: வீட்டை நேரில் வந்து பார்க்க ஆளைக் கூட்டிவரும். அதுவே பெரிய உதவி.

கூடுதல் சரக்கு: எது தேவை, எது வேண்டாம்?

போட்டோ எடுக்க வருபவர் கூடவே பலதையும் விற்பார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள் நடந்து போவது போன்ற வீடியோ: இரண்டு நிமிடத்துக்கு மிகாத, வெட்டி ஒட்டாத வீடியோ உண்மையிலேயே பயனுள்ளது. ஹாலிலிருந்து சமையலறைக்கு எப்படிப் போவது, படுக்கையறைக் கதவு எங்கே திறக்கிறது என்பது இதில்தான் புரியும். கூடுதலாக 2,000, 3,000 கேட்டால் கொடுக்கலாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு சென்னையில் வீடு தேடுபவர்களுக்கு இது பெரிய வசதி. பின்னணி இசையும் பறக்கும் எழுத்துகளும் தேவையில்லை.

ட்ரோன்: அடுக்குமாடியில் ஒரே ஒரு வீட்டை விற்கப்போகிறீர்கள் என்றால் ட்ரோன் வெறும் பந்தா. தோட்டத்துடன் கூடிய தனி வீடு, பண்ணை வீடு என்றால் யோசிக்கலாம். ஆனால் சட்டத்தையும் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் கூலிக்கு இயக்குபவரிடம் அதற்கான ஓட்டுநர் சான்றிதழ் இருக்க வேண்டும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது. நங்கநல்லூர், பல்லாவரம், ஆலந்தூர் எல்லாம் மீனம்பாக்கத்துக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்’ என்று சொல்பவரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உங்கள் பகுதி எந்த நிறத்தில் வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்தி நேரப் படம்: வானம் கருநீலமாக, வீட்டில் விளக்கெரியும் நேரத்தில் எடுப்பது. அழகுதான். அது நிலைப்பது 20 நிமிடம். அதற்காக இன்னொரு முறை வர வேண்டும் என்பதால் தனிக் கட்டணம் கேட்பார்கள். வில்லாவுக்குச் சரி, ஃப்ளாட்டுக்கு வேண்டாம்.

காலி அறையில் கம்ப்யூட்டரால் சோபா, கட்டில் போட்டுக் காட்டுவது: செய்தே ஆக வேண்டுமென்றால் ‘இது கற்பனைப் படம்’ என்று படத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே காலி அறையின் படமும் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது அளவுகளோடு கூடிய தரைத்தள வரைபடம். ஹால் 16க்கு 11, படுக்கையறை 12க்கு 10 என்று டேப்பால் அளந்து, கையால் வரைந்து ஸ்கேன் செய்து போட்டாலும் போதும். வாங்குபவர் தன் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் அங்கேயே மனதில் வைத்துப் பார்த்துவிடுவார். இதற்கு ஆகும் செலவு அரை மணி நேரம் மட்டுமே.

எப்போது கூப்பிட்டால் லாபம்?

நம் ஊரில் வீட்டு போட்டோ எடுப்பவர்களில் பலர் கல்யாண போட்டோகிராபர்கள்தான். முகூர்த்த நாளில் கூப்பிட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்; கிடைத்தாலும் அந்த நாளின் விலைதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கேமரா பையிலேயே தூங்கும். அதே இரண்டு மாதங்களில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக விரும்புவதில்லை. எனவே தை மாதம் விளம்பரம் போட நினைப்பவர் மார்கழியிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆளும் கிடைப்பார், நிதானமாகவும் எடுப்பார், விலையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். நாளில் பேசுங்கள், நேரத்தில் பேசாதீர்கள்.

ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று வீடுகள் விற்பனைக்கு இருந்தால் சேர்ந்து கூப்பிடுங்கள். போட்டோகிராபருக்குப் பயண நேரம் மிச்சம். அந்த மிச்சத்தில் பாதியைக் கேட்பது உங்கள் உரிமை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுக்க நேர்ந்தால், ‘மழை வந்தால் வேறு நாள் இலவசமாக வருவீர்களா?’ என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படம் யாருக்குச் சொந்தம்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவின் முதல் உரிமையாளர் அப்படிக் கேட்டு எடுக்கச் சொன்னவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில். அதாவது நீங்கள் காசு கொடுத்தால் படம் உங்களுடையது. ‘இன்னொரு தளத்தில் போட வேண்டுமானால் தனியாக 2,000’ என்று யாராவது கேட்டால், அப்படி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இதில் மறுபக்கமும் உண்டு. காசு கொடுத்தது புரோக்கர் என்றால் படம் அவருடையது. அவரோடு மனஸ்தாபம் வந்து வேறு ஆளிடம் போனால், அந்தப் படங்களை நீங்கள் பயன்படுத்த முடியாமல் போகலாம். அதனால் போட்டோவுக்கான பணத்தை நீங்களே கொடுப்பதுதான் நல்லது.

பெரிய ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: ‘25 படங்கள், திருத்தியது, மூன்று நாளில், மொத்தம் 5,500 ரூபாய், எந்தத் தளத்திலும் நாங்கள் பயன்படுத்தலாம்.’ அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டால் முடிந்தது. பாதி முன்பணம், படங்கள் வந்ததும் மீதி. ஜிஎஸ்டி பற்றியும் அப்போதே கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் 18 சதவீதம் சேர்ப்பார். 6,000 என்பது 7,080 ஆகிவிடும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள தனி போட்டோகிராபர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் வசூலிக்கவும் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. நல்ல படங்களைத் திருடி, அதே வீட்டைப் பாதி வாடகைக்கு விடுவதாகப் போலி விளம்பரம் போட்டு, டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தின் நடுவில், அறையை மறைக்காத அளவுக்கு, மெல்லிய எழுத்தில் உங்கள் பெயரையோ செல்போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ போடச் சொல்லுங்கள். மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். சுவரில் மாட்டிய குடும்பப் படம், பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, கார் நம்பர் ஆகியவை படத்தில் விழ வேண்டாம். வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, அவர்களுக்கு வசதியான நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அவர்களின் சாமான்களை ஊருக்கே காட்ட நமக்கு உரிமை கிடையாது.

பொய்க்கு விலை வேண்டாம்

போட்டோகிராபர்களிடம் வீட்டுக்காரர்கள் கேட்பதில் ஒன்று மட்டும் எந்த விலைக்கும் நியாயமில்லை. ‘அந்த டிரான்ஸ்பார்மரை எடுத்துடுங்க’, ‘ஹால் இன்னும் பெருசாத் தெரியணும்’, ‘சுவர்ல ஓதம் அடிச்சிருக்கே, அதைக் கொஞ்சம்…’

எது திருத்தம், எது பொய்? எளிய சோதனை உண்டு. நாளைக்கு வாங்குபவர் நேரில் வரும்போது அது அங்கே இருக்குமா, இருக்காதா? குப்பைக் கூடையைப் படத்திலிருந்து எடுக்கலாம்; நாளைக்கு அது இருக்காது. டிரான்ஸ்பார்மர் இருக்கும். இருண்ட நாளில் எடுத்ததை வெளிச்சமாக்கலாம். வெயிலே வராத அறையில் வெயிலை வரவழைக்கக் கூடாது. ஓதம் பொய் சொல்லி மறைக்க வேண்டியது அல்ல. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியது.

லென்ஸும் பொய் சொல்லும். அளவுக்கு மீறிய அகலக் கோணத்தில் எடுத்தால் 10 அடி அறை 18 அடி போலத் தெரியும். ஓரத்தில் உள்ள வட்ட மேசை முட்டை வடிவில் இழுபட்டிருந்தால், அது அந்த லென்ஸின் கைவரிசை. நல்ல போட்டோகிராபர் அந்த அளவுக்குப் போக மாட்டார்.

கட்டுநர்களுக்கு இதில் சட்டமே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ‘ரெரா’, 12ஆவது பிரிவில் சொல்வது: விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டியதை நம்பி முன்பணம் கட்டியவருக்கு, அது தவறான தகவல் என்பதால் நஷ்டம் ஏற்பட்டால், கட்டுநர் ஈடு செய்ய வேண்டும். திட்டத்திலிருந்தே விலக அவர் விரும்பினால், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ‘படம் மாதிரிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பழைய வீட்டை விற்கும் தனிநபருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பிள்ளைக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று தென்காசியிலிருந்து இரவு முழுக்க ரயிலில் வந்து, எழும்பூரில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் ஆட்டோ பிடித்து வீடு பார்க்க வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். படத்தில் விசாலமாகத் தெரிந்த ஹாலில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லை என்று அவர்களுக்கு அங்கே வந்துதான் தெரிகிறது. அவர்களின் ரயில் செலவு, ஒரு நாள் லீவு, ஏமாற்றம் எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் காரணம். உங்களுக்கும் லாபமில்லை. வந்தவர் வாசலிலேயே நம்பிக்கை இழந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான விலையும் அவருக்குப் பொய்யாகவே கேட்கும்.

‘நானே எடுத்துக்கறேன்’ என்றால்

தாராளமாக. இன்றைய செல்போன்கள் பகல் வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கின்றன. சில விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும்.

முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பாதி மங்கல் அதிலேயே போய்விடும். போனைப் படுக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில், மேலும் கீழும் சாய்க்காமல் பிடியுங்கள். அறையின் மூலையில் நின்று எதிர் மூலையைப் பாருங்கள். ஹால் கிழக்குப் பார்த்திருந்தால் காலை 9 மணிக்கு மேல், மேற்குப் பார்த்திருந்தால் மாலை 4 மணி வாக்கில் எடுங்கள். திரைச்சீலை முழுக்கத் திறந்திருக்கட்டும். வெளிச்சம் போதுமென்றால் விளக்குகளை அணைத்துவிடுங்கள். ‘0.5’ அகலக் கோணத்தைச் சின்ன பாத்ரூமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் மட்டும் நிற்காதீர்கள். தெருமுனையிலிருந்து ஒரு படம், கார் நிறுத்துமிடம், லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார். சென்னையில் வீடு பார்க்க வருபவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று தண்ணீர். மெட்ரோ வாட்டர் இணைப்பும் போர்வெல்லும் இருந்தால் அதையும் காட்டுங்கள். இது எந்தத் தொழில்முறை போட்டோகிராபருக்கும் தோன்றாது, வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

எடுத்த படங்களை வீட்டைப் பார்த்திராத நண்பர் ஒருவருக்கு அனுப்பி, ‘இந்த வீட்டில் சமையலறையிலிருந்து பால்கனிக்கு எப்படிப் போவது?’ என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கு யாரும் தேவையில்லை, 5,000 ரூபாய் மிச்சம். திணறினார் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடுவதாக இருந்தால், அவர் இதற்கு முன் எடுத்த ஒரே வீட்டின் முழுப் படத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். பத்து வீடுகளிலிருந்து பொறுக்கிய பத்துப் படங்கள் எதையும் சொல்லாது. அந்தத் தொகுப்பில் சுவர்கள் நேராக நிற்கின்றனவா, ஜன்னலுக்கு வெளியே உள்ளது தெரிகிறதா, பாத்ரூமும் பக்கத்துக் கட்டடமும் ஒளிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அவர் கேட்கும் ஒரு நாள் கூலியை மனதாரக் கொடுங்கள். வீட்டில் ஒரு நாள் வேலை பார்க்கும் பெயின்டரிடம் ‘பிரஷ் பிடிச்சது மூணு மணி நேரம்தானே’ என்று நாம் கேட்பதில்லை. கேமரா பிடிப்பவரிடமும் அதே நியாயம்தான்.